சின்னக் கிண்ணத்துச் சுங்கான்

கதவை ஒரு சாண் திறந்து உள்ளே எட்டிப் பார்த்த முத்துப்பாண்டி, வெடுக்கென்று தலையை வெளியே இழுத்துக்கொண்டான்.

"அத்தே, மறுபடியும் அணைஞ்சு போச்சு."

பந்தலுக்குள் இருந்த சனமெல்லாம் உச்சுக்கொட்டியது. ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஈஸ்வரிக்கு, 'அணையாம பின்னே என்ன செய்யும்?' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். புருஷன் செத்த மூன்றாம் நாள் பெண்டாட்டிக்காரி வாயைத் திறந்து யோசனை சொல்லக் கூடாது என்று நாத்தனார் சுந்தரம்மாள் விடியும்போதே சட்டம் போட்டிருந்தாள். அழுகை ஒரு பக்கம் கிடக்கட்டும், எரிச்சலைத்தான் ஈஸ்வரியால் தாங்க முடியவில்லை. மனுஷன் இருந்தவரைக்கும் அந்தச் சுங்கானை வைத்துக்கொண்டு அவள் உயிரை வாங்கினார். இப்போது போய்ச் சேர்ந்த பிறகும் அதே சுங்கான், அதே ரோதனை.

புகையிலை குடிக்கிற அந்தக் குழாயை ஊரில் மற்றவர்களெல்லாம் பைப்பு என்பார்கள். திருப்பதி ஒத்துக்கொள்ள மாட்டார். "தண்ணி பிடிக்கிறது பைப்பு. இது சுங்கான்" என்று திருத்துவார். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தவர். அங்கே இருந்த மேனேஜர் ஊரைவிட்டுப் போகும்போது ஒரு சுங்கானைக் கொடுத்துவிட்டுப் போனான். அந்த மகராசன் ஒரு கைக்கடிகாரம் கொடுத்திருக்கலாம், ஒரு குடை கொடுத்திருக்கலாம். கொடுத்தது அதை. ஒன்று மூன்றாகி, ரிட்டயராகி முந்தல் ரோட்டில் வீடு கட்டிக்கொண்டு இறங்கி வந்தபோது மூன்றும் கூடவே இறங்கி வந்தன.

அன்று காலையில் பங்காளிகள் சுடுகாட்டுக்குப் போய்ப் பால் தெளித்து, எலும்பு பொறுக்கி, ஆற்றில் கரைத்துவிட்டு வந்தார்கள். வந்ததும் படையல். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்து, சாம்பிராணி காட்டி, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். ஆள் இல்லாத வீட்டுக்குள் அவர் வந்து தின்றுவிட்டுப் போவார். சிகரெட் குடிக்கிறவர் என்றால் ஒன்றைப் பற்றவைத்து இலை ஓரத்தில் வைப்பார்கள். கதவைத் திறக்கும்போது அது தன்னால் எரிந்து சாம்பலாகிக் கிடக்கும். பாரு, குடிச்சுட்டுப் போயிட்டாரு என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம்.

சுங்கானுக்கு அந்தப் பேச்சே கிடையாது. ஒரு வாய் இழுத்துக்கொண்டே இருந்தால்தான் அது எரியும். விட்டால் அணைந்துவிடும். இவ்வளவுதான் விஷயம். அதிலும் இவர்கள் எடுத்து வைத்தது மேனேஜர் கொடுத்த பெருங்கிண்ணச் சுங்கான். வளைந்த காம்பும் அகலக் கிண்ணமுமாகப் பார்க்க அம்சமாக இருக்கும். மாலை போட்ட படத்தில் திருப்பதி வாயில் வைத்திருப்பது அதுதான். படத்தில் இருக்கிறது என்று அதையே எடுத்துவிட்டார்கள். அவரே அதைத் தொட்டுப் பல வருஷம் ஆயிற்று என்று யாருக்குத் தெரியும்? தெரிந்தவளைத்தான் பேசக் கூடாது என்று ஓரத்தில் உட்காரவைத்தாயிற்றே.

"ரெண்டு தடவை அணைஞ்சிருக்கு" என்று சுந்தரம்மாள் பந்தலைப் பார்த்துச் சொன்னாள். திருப்பதிக்கு மூத்தவள். சாவுக்கு ராசிங்காபுரத்தில் இருந்து வந்த நாளாக இந்த வீட்டில் உப்புக்கு எவ்வளவு புளி என்பதில் இருந்து எல்லாம் அவள் சொன்னபடிதான். "சோத்துல கை வச்ச அடையாளமும் இல்ல. பைப்பும் எரியல. எந்தம்பி மனசுல எதோ குறை இருக்கு."

"என்ன குறை அத்தே?"

"என்னைய ஏன்டா கேக்குற? ஊருக்கே தெரியும். ஆம்பளப்பய நீ ஒருத்தன் கல்லுமாதிரி நிக்கிறப்ப, பொம்பளப்புள்ளைய விட்டுக் கொள்ளி வச்சா? அவன் ஏத்துக்கலடா. அதான் சொல்றான்."

முத்துப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டான். திருப்பதியின் அண்ணன் மகன் அவன். மலைக்குக் கூலியாள் ஏற்றிப்போகிற ஜீப் ஓட்டுகிறான். சித்தப்பாவுக்கு மகன் இல்லை, கொள்ளி தனக்குத்தான் என்று சின்ன வயதில் இருந்தே நினைத்திருந்தவன். கெட்டவன் இல்லை. செத்த அன்றைக்கு மாரில் அடித்துக்கொண்டு அவன் அழுத அழுகையை ஈஸ்வரி பார்த்தாள். அதனாலேயே அவனைத் திட்டவும் முடியாமல் எரிச்சல் இரண்டு மடங்காக இருந்தது.

சுசித்ரா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திருப்பதிக்கு ஒரே மகள். சிலமலையில் மாட்டாஸ்பத்திரி டாக்டர். கொள்ளி வைக்கும்போதும் அழாதவள். இப்போது அவள் முகம் கறுத்துச் சுருங்கிப்போனதை ஈஸ்வரி பார்த்தாள்.

மகள் மெல்ல நடந்து வந்து அம்மாவின் நாற்காலி பக்கத்தில் குந்தினாள்.

"ம்மா, ஒண்ணு கேக்குறேன். நெசத்தச் சொல்லு. நான்தான் கொள்ளி வைக்கணும்னு அப்பா சொன்னாரா? இல்ல, எம்மனசு கஷ்டப்படும்னு நீயா சொன்னியா?"

"அவருதான் சொன்னாரு."

"எப்பச் சொன்னாரு? அதைத்தான அன்னைக்கும் எல்லாரும் கேட்டாக. நீ பதிலே சொல்லல."

ஈஸ்வரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சொன்னால் எங்கே வைத்துச் சொன்னார், என்ன செய்துகொண்டிருக்கும்போது சொன்னார் என்று எல்லாமே வெளியே வந்துவிடும். வேறு யாருக்குத் தெரிந்தாலும் போகிறது. இந்தப் பிள்ளைக்கு மட்டும் தெரியவே கூடாது என்றுதான் இத்தனை நாளும் காபந்து பண்ணி வைத்திருந்தாள்.

சுசித்ரா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்தப் புகையிலை டப்பாவத் தூக்கிக் குப்பையில போட்டதுல இருந்தே அவரு எங்கூட மொகங்குடுத்துப் பேசலம்மா. ஏத்துக்கலன்னு அத்தை சொல்றது சரியாத்தான் இருக்குமோ என்னமோ."

இரண்டு வருஷத்துக்கு முன்னால், திருப்பதிக்கு வலது கையும் வலது பக்கத்து வாயும் இழுத்துக்கொண்ட சமயம் அது. மதுரை ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பிய அன்றைக்கே சுசித்ரா வீட்டில் இருந்த புகையிலையை எல்லாம் வாரிக் குப்பையில் கொட்டினாள். பெரிய சுங்கான் காட்சிக்கு இருக்கட்டும் என்று கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, மற்ற இரண்டையும் குப்பையில் வீசினாள். டாக்டர் சொன்னதைச் செய்தாள், அதில் தப்பே கிடையாது. ஆனால் திருப்பதி சோற்றைத் தொடவில்லை. கஞ்சியைத் தொடவில்லை. மகளோடு பேசவில்லை. மலைப்பக்கம் பார்த்தபடி பின்கட்டில் உட்கார்ந்தே இருந்தார். ஈஸ்வரி கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். கடைசியில் குப்பை வண்டி வருவதற்கு முன்னால் போய்த் தலையில் அடித்துக்கொண்டே குப்பையைக் கிளறினாள். பழைய பேப்பருக்கும் முட்டைக்கோஸ் இலைக்கும் அடியில் சின்னச் சுங்கான் கிடந்தது. கொஞ்சம் புகையிலைத் தூளையும் ஒரு பொட்டலத்தில் வாரிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஒரு தடவை, விடியும் முன்னே, துவைகல் பக்கத்தில். தூள் தீரத் தீர யாருக்கும் தெரியாமல் வாங்கிவந்தாள். அதற்கு மேல் கேட்டால் உடைத்து அடுப்பில் போட்டுவிடுவேன் என்று மிரட்டிச் சத்தியம் வாங்கினாள். ஆனால் கோணிப்போன வாயால் அவருக்குப் பற்றவைக்க வரவில்லை. எரிகிறதைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குடிக்கத் தெம்பு இருந்தது, முதல் நெருப்பு பிடிக்கிற வரைக்கும் பலமாக இழுக்கத் தெம்பு இல்லை. யார் இழுப்பது? வேறு யார்? கோயிலுக்கு மஞ்சள் புடவை கட்டிப் போகிற பொம்பளை, வாயில் சுங்கானை வைத்துக்கொண்டு தீக்குச்சி கிழித்தாள். தூ தூ என்று துப்பினாள். 'எந்தப் பாவி கண்டுபிடிச்சானோ' என்று சபித்தாள். நாலு இழுப்பில் கங்கு பிடித்ததும் அவர் "மதி, கொண்டா" என்று இடது கையை நீட்டுவார். போதும் என்பதற்கு மலையில் பழகின மலையாள வார்த்தை, இறங்கி வந்தும் மாறவில்லை.

குடித்தாரே, சும்மா குடித்தாரா? குழறுகிற வாயை வைத்துக்கொண்டு பாடம் வேறு எடுப்பார்.

"மெதுவா இழுக்கணும்டி. ஏலக்கா ஸ்டோர்ல பச்சைக் காய் வாட்டுற சூடு. வெரசாச் சூடேத்துனா காய் வெடிச்சுப்போகும். புகையிலையும் அம்புட்டுத்தான்."

"சரிங்க. அதான் வாட்டுறேன்ல."

"பெருங்கிண்ணத்துல நெருப்பு அகலமாப் பரவும். புகை ஆறி வரும், நோகாது. ஆனா ருசி பூராம் மேலயே பரந்து போயிரும். அந்த வளைஞ்ச காம்புல எச்சி வேற தேங்கிக் களகளன்னு சத்தம் போடும். குட்டைக் கிண்ணம் இருந்துச்சே, அது ஒடனே சூடாகி நாக்கைப் பொசுக்கும். மழையில தோட்டத்துக்குள்ள நிக்கிறப்ப ரெண்டு இழுப்புக்கு ஆகும். இது அப்படி இல்ல. வாய் குறுகலு, ஆழம் சாஸ்தி. மேல எரியிற புகை அடியில கெடக்குற தூளுக்குள்ள எறங்கித்தான வரணும்? எறங்க எறங்க ருசி அடியில சேரும். கடைசிக் கால்வாசியிலதான் ஏலக்கா தெரியும்."

புகையிலைத் தூளில் காய்ந்த ஏலக்காய்த் தொலியை இடித்துக் கலப்பது அவர் பழக்கம். அது கடைசியில்தான் தெரியும் என்பது அவர் வாதம். ஈஸ்வரி இதை ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். ஆயிரம் தடவையும் பற்றிக்கொண்டு வரும்.

"தெரிஞ்சா என்ன? போடி முழுக்கத் தண்டோராப் போடணுமா?"

"ஒரு நாளைக்குக் கடைசி வரைக்கும் நீயே இழுத்துப் பாரு. அப்புறம் பேசு."

"எனக்கென்ன தலையெழுத்து? பத்தவைக்கிற பாவமே ஏழு சென்மத்துக்குப் போதும்."

அப்படி ஒரு காலையில்தான் சொன்னார். சுங்கானை இடது பக்கத்துப் பல்லில் கடித்துக்கொண்டு, வெளிச்சம் விழுந்துகொண்டிருந்த மலையைப் பார்த்தபடி. "நான் போனா சுசிதான் கொள்ளி வைக்கணும். மாட்டு வயித்துக்குள்ள கைய விட்டுக் கன்னு எடுக்கிறவ. அந்தக் கை நடுங்காது." ஈஸ்வரி விளக்குமாற்றை ஓங்கிக்கொண்டு, காலங்காத்தால என்ன பேச்சு என்று கத்தினாள். அதை மகளிடம் எப்படிச் சொல்வது? எங்கே வைத்துச் சொன்னார் என்று கேட்பாளே.

போன செவ்வாய்க்கிழமையும் அதே மாதிரிதான் பற்றவைத்துக் கொடுத்தாள். அன்றைக்கு என்னவோ பெரியது வேண்டும் என்று அடம்பிடித்தார். அலமாரிச் சாவி சுசியிடம் இருக்கிறது என்று சொல்லி வாயை அடைத்தாள். பால்காரன் மணி அடித்தான். பாலை வாங்கிக் காய்ச்சிவிட்டுத் திரும்பி வந்தால், சுவரில் தலை சாய்ந்திருந்தது. சுங்கான் மடியில் கிடந்தது. பாதிகூட எரியவில்லை.

"அணைய விட்டாச்சா? மறுபடியும் பத்தவைக்க எனக்கு வேற சோலி இல்லையா? குடிக்கிறதா இருந்தா முழுசாக் குடிக்கணும், இல்லைன்னா எனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. பேப்பரைத் துவைகல்லில் விட்டதற்குத் திட்டினாள். துண்டைக் கீழே போட்டதற்குத் திட்டினாள். குனிந்து துண்டை எடுத்தபோதுதான் அவர் காலில் கை பட்டது. அசைவே இல்லை. அதற்குப் பிறகு அவள் செய்த முதல் வேலை, சுங்கானை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டதுதான். கூப்பாடு அதற்குப் பிறகுதான் போட்டாள்.

"சித்தி."

முத்துப்பாண்டி எதிரே வந்து நின்றான்.

"அத்தை என்ன சொல்றாகன்னா, கடைசியா ஒருக்கா வச்சுப் பாப்போம். மூணாவது தடவையும் அணைஞ்சுருச்சுன்னா தேவாரத்துல ஒரு கோடாங்கி இருக்காரு, அவருகிட்ட குறி கேட்டுருவோம். பதினாறாம் நாள் கருமாதிய மட்டும் நான் செஞ்சிர்றேன். சித்தப்பா ஆத்துமா சாந்தி ஆகணும்ல? சுசி, நீ தப்பா எடுத்துக்காதத்தா."

"செய்யிண்ணே. அப்பாவுக்கு அதான் இஷ்டம்னா நீயே செய்யி" என்றாள் சுசித்ரா.

ஈஸ்வரிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழ எழுந்து நின்றாள்.

"ஏப்பா முத்துப்பாண்டி, அந்தக் கருமத்தை இங்க கொண்டா."

"எதை சித்தி?"

"அணைஞ்சு அணைஞ்சு போகுதுன்னு ஊரக் கூட்டி ஒப்பாரி வைக்கிறீகளே, அதை."

சுந்தரம்மாள் வாயில் கைவைத்தாள். முத்துப்பாண்டி உள்ளே ஓடிப்போய்ப் பெருங்கிண்ணச் சுங்கானை எடுத்து வந்தான். ஈஸ்வரி அதை வாங்கிக் கிண்ணத்துக்குள் விரலை விட்டாள். விரல் இறங்கவில்லை.

"என்னத்தடா போட்டிருக்க?"

"சிகரெட்டப் பிச்சு அந்தத் தூளை..."

"ஜீப்புல ஆளு ஏத்துற மாதிரி ஏத்தி வச்சிருக்க. காத்து எதுக்குள்ள போகும்? கையெல்லாம் ஈரமா இருக்கே, இது என்ன?"

"பன்னீர் சித்தி. படையலுக்குத் தெளிச்சது. அத்தைதான் தெளிச்சாக."

"தெளிச்சாகளா? நல்லாத் தெளிச்சாக. ஏன் மதினி, அடுப்புல தண்ணிய ஊத்திட்டு உலை கொதிக்கலன்னு கோடாங்கிகிட்டப் போவீகளா? இம்புட்டு அகலக் கிண்ணத்துல நனைஞ்ச தூளைத் திணிச்சு வச்சா, உசிரோட இருக்கிறவனே இழுக்க முடியாது. செத்தவரு வந்து எப்படி இழுப்பாரு? அப்படியே எரிஞ்சாலும், இழுக்காம வச்சா அணையத்தான் செய்யும். இதுக்கும் எம்மக கொள்ளி வச்சதுக்கும் என்ன இருக்கு?"

சுந்தரம்மாள்தான் முதலில் சுதாரித்தாள்.

"இம்புட்டும் உனக்கு எப்படித் தெரியும்?"

ஈஸ்வரி மகளைப் பார்த்தாள். சுசித்ரா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஈஸ்வரி வீட்டுக்குள் போனாள். அடுப்படியில் மல்லி டின்னுக்குள் கையை விட்டு, துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். எல்லோர் முன்னாலும் துணியைப் பிரித்தாள். கட்டைவிரல் அகலம்கூட இல்லாத வாய், நீளக் கிண்ணம், கறுத்துப்போன காம்பு. காம்பின் இடது ஓரத்தில் பல் பதிந்த தடம்.

"இது... நான் குப்பையில போட்டதும்மா" என்றாள் சுசித்ரா.

"நீ போட்ட. நான் எடுத்தேன்."

"டாக்டர் அம்புட்டுச் சொல்லியும்..."

"ஆமா, சொன்னாக. நீயும் சொன்ன. அப்ப ரெண்டு நாளா உங்கப்பா பச்சைத் தண்ணி பல்லுல படல. நான் என்ன செய்யட்டும் சொல்லு? தெனம் வெடியக்காலம் ஒருக்கா, இந்தச் சின்னக் கிண்ணம். அவருக்குப் பத்தவைக்க வரல. நான்தான் வாயில வச்சு இழுத்துப் பத்தவச்சுக் குடுத்தேன். கேட்டுக்கங்க எல்லாரும். அப்படிக் குடுத்துக்கிட்டு இருக்கையிலதான் சொன்னாரு, நான் போனா சுசிதான் கொள்ளி வைக்கணும், அவ கை நடுங்காதுன்னு. சாட்சி சாட்சின்னீகளே, இந்தா இருக்கு சாட்சி. போதுமா?"

சனம் என்ன நினைக்கிறது என்று அவள் பார்க்கவில்லை. நினைத்துவிட்டுப் போகட்டும். மகள் என்ன நினைக்கிறாள் என்று தெரிந்தால் போதும். அதைக் கேட்கத்தான் பயமாக இருந்தது. இந்தச் சுங்கான்தான் அவரைக் கொன்றது என்று சொல்லிவிடுவாளோ? இரண்டு வருஷமாக அந்தக் கேள்வி ஈஸ்வரிக்குள்ளும் கிடக்கிறது. அதற்கு அவளிடமே பதில் கிடையாது.

சுசித்ரா கையை நீட்டிச் சுங்கானை வாங்கினாள். மாட்டின் வாயைப் பார்ப்பது போல வெளிச்சத்தில் பிடித்துக் கிண்ணத்துக்குள் பார்த்தாள். மேலே சாம்பல், அதற்குக் கீழே எரியாத புகையிலை. பல் தடத்தை விரலால் தடவினாள்.

"இது செவ்வாய்க்கிழமை வச்சதாம்மா?"

"ம்."

பிறகு அம்மாவின் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"முத்துப்பாண்டி, தீப்பெட்டி எங்க?" என்றாள் ஈஸ்வரி. "நான் உள்ள போறேன். இது அணையாது. நான் பாத்துக்கிர்றேன்."

"ஆளு உள்ள இருந்தா அவன் எப்படித்தா வருவான்?" சுந்தரம்மாள் பதறினாள். "ஆகாத சோலி பாக்காத ஈஸ்வரி. எந்த ஊரு வழக்கம் இது?"

"நான் இருக்கையிலதான் மதினி அவரு வீட்டுக்கே வருவாரு. ஆளில்லாத வீட்டுக்குள்ள அவரு என்னைக்கு வந்தாரு? கதவு தெறந்திருந்தாலும் தெருவுல நின்னு 'ஏ ஈஸ்வரி'ம்பாரு."

சுந்தரம்மாள் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுசித்ரா குறுக்கே வந்து அவள் தோளைப் பிடித்தாள்.

"அத்தை, நீங்க இங்கிட்டு வாங்க. அம்மா உள்ள இருக்கட்டும்."

சொல்லிவிட்டுக் கதவை அவளே இழுத்துச் சாத்தினாள்.

உள்ளே சாம்பிராணிப் புகை மண்டிக் கிடந்தது. இலையில் கறிக்குழம்பு ஆறி ஆடை கட்டியிருந்தது. ஈஸ்வரி படத்துக்கு எதிரே கால்களை நீட்டி உட்கார்ந்தாள். சுங்கானைக் கவிழ்த்து மேல் சாம்பலை மட்டும் தட்டினாள். தீக்குச்சியைக் கிழித்துக் கிண்ணத்து வாயைச் சுற்றிக் காட்டினாள்.

முதல் இழுப்பு ஈரச் சாக்கு கருகின மாதிரி தொண்டையில் இறங்கியது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மூணு நாள் பழசு. நல்லா இருக்கும்னா நெனச்சீக?" என்று படத்தைப் பார்த்துச் சொன்னாள். படத்தில் அவர் பெருங்கிண்ணத்தை வாயில் வைத்துக்கொண்டு துரை மாதிரி சிரித்தார். "சிரிப்பு வேறயா? போறதுதான் போனீக, இருந்ததக் குடிச்சு முடிச்சுட்டுப் போகக் கூடாதா? அதையும் எந்தலையில கட்டிட்டுப் போகணுமா?"

நாலாவது இழுப்பில் கங்கு நன்றாகப் பிடித்துவிட்டது. அவள் கை தன்னால் படத்தை நோக்கி நீண்டது. நீண்ட கை அப்படியே நின்றது. மதி, கொண்டா என்று யாரும் சொல்லவில்லை. கையை மடக்கிச் சுங்கானை மறுபடியும் தன் வாய்க்கே கொண்டுவந்தாள்.

மெதுவாக இழுத்தாள். ஸ்டோரில் காய் வாட்டுகிற சூடு. கிண்ணம் உள்ளங்கையில் கதகதவென்று இருந்தது. இப்படித்தான் அவர் கை இருக்கும், விடிகாலைப் பனியில். அந்த நினைப்பு வந்ததும் எரிச்சலெல்லாம் எங்கோ போய், மனுஷன் இல்லை என்பது நெஞ்சை அடைத்துக்கொண்டு வந்தது. அழுதால் இது அணைந்துவிடும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு இழுத்தாள்.

புகை கதவிடுக்கு வழியாக வெளியே போயிருக்க வேண்டும். பந்தலில் சுந்தரம்மாளின் குரல் உரக்கக் கேட்டது. "வாடை வருதுடா! வந்துட்டான்டா எந்தம்பி! குடிக்கிறான்டா!" முத்துப்பாண்டி விம்முகிற சத்தம் கேட்டது. ஈஸ்வரி சும்மா இருந்த கையால் தலையில் அடித்துக்கொண்டாள்.

கங்கு கிண்ணத்துக்குள் கீழே இறங்கியது. கசப்பும் காட்டமும்தான். வேறு ஒரு எழவும் இல்லை. நாற்பது வருஷம் இந்தக் கசப்புக்கா இத்தனை பாடம்? பொய், எல்லாம் பொய், மனுஷன் பீற்றிக்கொண்டதுதான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டே இன்னொன்று இழுத்தாள்.

அப்போது வந்தது.

முதலில் நம்பவில்லை. சாம்பிராணியாக இருக்கும் என்று நினைத்தாள். மறுபடி இழுத்தாள், இன்னும் மெதுவாக. நாக்கின் அடியில், தொண்டைக்கு மேலே, கசப்புக்குப் பின்னால், சந்தேகமே இல்லை, ஏலக்காய். அப்போதுதான் தொலி உரித்த மாதிரி. ஸ்டோர் கதவைத் திறந்து அவர் வீட்டுக்கு வரும்போது சட்டையோடு கூட வருமே, அதே வாசம்.

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நாசமாய்ப் போனது, உண்மையாகவே இருந்து தொலைத்திருக்கிறதே. ஆமாங்க, தெரியுது என்று ஒரு வார்த்தை சொல்ல இப்போது எங்கே போவாள்? படத்தைப் பார்த்தாள்.

கதவை யாரோ விரலால் தட்டினார்கள்.

"ம்மா." சுசித்ராவின் குரல். தயங்கித் தயங்கி வந்தது. "ரொம்ப நேரமாச்சு. முடிஞ்சுதா? தெறக்கட்டா?"

ஈஸ்வரி கிண்ணத்துக்குள் பார்த்தாள். அடியில் ஒரு விரல்கடை புகையிலை இன்னும் சிவந்துகொண்டிருந்தது.

"இருத்தா" என்றாள். "அப்பா இன்னும் முடிக்கல."

கதவுக்கு அந்தப் பக்கம் வளையல் உரச யாரோ கீழே உட்காருவது கேட்டது.

ஈஸ்வரி இன்னொரு இழுப்பு இழுத்தாள், மெதுவாக.